ரெக்ரேட்டர் சாமிக்கண்ணு

சாரம், புதுச்சேரி
வெள்ளிக்கிழமை

பாரீசில் வசிக்கும் என் மதிப்புக்குரிய மச்சான் கலைச்செல்வன் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் சாமிக்கண்ணு கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அந்த ஊர்க் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வீராம்பட்டினத்து அம்மன் துணை நிற்கட்டும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, பிள்ளைச்சாவடி கரையில், மீன் எடுக்க வந்த இருபத்தாறு பெண்களுக்கு முன்னால், நான் முப்பது வருஷமாகச் செய்கிற தொழில் இங்கிலாந்தில் ஜெயில் குற்றம் என்று என் சொந்த மகள் சங்கவி மைக் பிடித்துப் படித்தாள். மைக் நான் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தது.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். நான் வாட்ஸாப்பில் பேசி அனுப்பினால் உங்களுக்கு முன்னால் அதை உங்கள் தங்கை கேட்டுவிடுகிறாள், கேட்டுவிட்டு மகள் பக்கம் நின்று பதில் சொல்கிறாள். அதனால்தான் பேப்பரும் பேனாவும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை மச்சான், ஆனால் பொறுப்பு உங்களுடையது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். சங்கவி எம்.ஏ. இங்கிலீஷ் முடித்ததும் பாங்க் பரீட்சை எழுதட்டும் என்று நான் சொன்னேன். நீங்கள்தான், “வுடுங்க மாப்ள, பொண்ணு ஆசப்படுது, ஆராய்ச்சி பண்ணட்டும்” என்று லேப்டாப் வாங்கி அனுப்பினீர்கள். சரி, ஏதோ பெரிய ஆராய்ச்சி என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் ஒரே ஒரு வார்த்தை. அதுவும் இங்கிலீஷ்காரனே சொல்வதை விட்டுவிட்ட வார்த்தை. அது எங்கே பிறந்தது, எப்போது என்ன அர்த்தத்தில் இருந்தது, எப்படிச் செத்தது என்று மூன்று வருஷம் படிக்கிறாள். ஒரே மீனை நான் மூன்று நாள் வைத்திருந்தால் முனிசிபாலிட்டியில் ஆள் அனுப்புவார்கள்.

போன மாதம் ஒருநாள் சாப்பிடும்போது, “அப்பா, உன் தொழிலுக்கு இங்கிலீஷ்ல பழைய பேரு ஒண்ணு இருக்குது. ரெக்ரேட்டர். பிரெஞ்சுலேர்ந்து வந்துது. அததான் நான் படிக்கிறேன்” என்றாள். எனக்கு வாயில் வைத்த சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான். கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குருசுக்குப்பத்திலிருந்து கிளம்பின ஆளுக்கு இங்கிலீஷில் ஒரு பெயர், அதுவும் பிரெஞ்சு வழியாக வந்த பெயர்! “முழுசாக் கேளுப்பா, அதுல இன்னும் இருக்குது” என்று அவள் சொன்னது உண்மை. அந்த நேரத்தில் ஐஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது, எழுந்து போய்விட்டேன். என் தப்பு அங்கே ஒன்று இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் விசாரிக்காமல் நான் எதிலும் இறங்குகிறவன் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் வஞ்சரம் வாங்குகிற மார்கரீத் அம்மாவிடம் கேட்டேன். பிரெஞ்சு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர்கள், தப்பாகச் சொல்வார்களா? “ஆ, ரெக்ரத்தியே! ரொம்பப் பழைய வார்த்தை மிஸ்யே சாமிக்கண்ணு. மொத்தமா வாங்கி சில்லறையா விக்கிறவன். மரியாதையான தொழில்தான்” என்றார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. நம்ம ஊரில் பிரெஞ்சுப் பெயர் போட்டால் கறுப்புக் காபியே மூன்று மடங்கு விலை போகிறது, மீன் போகாதா? அந்த வாரமே பெயிண்டரைக் கூப்பிட்டு, நீல நிற டாட்டா ஏஸ் வண்டியின் இரண்டு பக்கமும் மஞ்சள் பெயிண்டில், தமிழிலும் இங்கிலீஷிலும், ‘சாமிக்கண்ணு, ரெக்ரேட்டர்’ என்று எழுதிவிட்டேன். விசிட்டிங் கார்டு ஐந்நூறு. கலெக்டர் ஆபீஸ் கிளார்க்கு ஒருத்தரிடம்கூட ஒன்று கொடுத்தேன் மச்சான், அதை எப்படித் திரும்ப வாங்குவது என்றுதான் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் சங்கவி, “எங்க சார் உயிரோட இருக்குற சந்த ஒண்ணுல போயி, வார்த்தையோட சரித்திரத்தப் படிச்சிக் காட்டி, அங்க இருக்குறவங்க என்னா சொல்றாங்கன்னு எழுதிக்கினு வரச் சொல்றாரு” என்றாள். நம்ம கரைக்கே வா என்று நானே அழைத்தேன். பந்தல், நாற்காலி, டீ, பன், மைக் எல்லாம் போட்டு, எல்லோருக்கும் தெரியட்டும் என்று வண்டியைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன்.

கரையில் என் தொழில் எப்படி என்பதை உங்களுக்கு ஒருதரம் சொல்லிவிடுகிறேன், பாரீசில் மறந்திருப்பீர்கள். படகு வந்ததும் ஏலம். ஏலத்தில் நான் மொத்தமாக எடுப்பேன். எடுத்த மீனை இருபது அடி தள்ளித் தார்ப்பாயில் கொட்டி, கூறு போட்டு, இந்தப் பெண்களுக்கு விலை ஏற்றி விற்பேன். அவர்கள் கூடையில் எடுத்துக்கொண்டு காலாப்பட்டு வரைக்கும் தெருத் தெருவாகப் போவார்கள். ஒளிக்க ஒன்றும் இல்லை. ஐஸ் என்னுடையது, மீன் மிஞ்சினால் நஷ்டம் என்னுடையது, அதனால் ஏற்றிய விலையும் என்னுடையது. இந்த இருபத்தாறு பேரும் எடுக்காவிட்டால் அன்றைக்கு நான் அவ்வளவுதான்.

சங்கவி ஆரம்பித்தாள். முதலில் பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர், சில்லறை வியாபாரி. நான் எழுந்து நின்று கும்பிட்டேன். பிறகு, கொத்தனார் வேலையிலும் இதே வார்த்தை உண்டாம், பழைய கல்லின் மேல்பக்கத்தைச் சுரண்டிப் புதுக்கல் மாதிரி காட்டுவது. “நேத்து மீனுக்கு ஐஸ் தண்ணி ஊத்தி இன்னிக்கி மீனாக் காட்ற மாதிரியா?” என்று சுலோசனா கேட்டாள். அந்தப் பெண்களுக்கெல்லாம் தலைவி அவள்தான், வாய் கொஞ்சம் நீளம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்தது அதோடு சரி.

“1552-ல இங்கிலாந்துல ஒரு சட்டம் போட்டாங்க” என்றாள் என் மகள். “தானியம், ஒயினு, மீனு, வெண்ணெ, இதுமாரி சந்தைக்கு வர்ற பொருள வாங்கி, அதே சந்தையிலயோ, நாலு மைலுக்குள்ள இருக்குற இன்னொரு சந்தையிலயோ திரும்ப விக்கிறவன் ரெக்ரேட்டர். வெல ஏறுறதே இவனாலதான்னு அவனக் குத்தவாளி ஆக்கிட்டாங்க. மொதல் தடவ மாட்டுனா ரெண்டு மாசம் ஜெயிலு. ரெண்டாவது தடவ ஆறு மாசம்.”

“நாலு மைலுன்னா எம்மாந்தூரம்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஆறர கிலோமீட்டர்.”

இருபத்தாறு பேரும் தார்ப்பாயைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஏலம் நடந்த இடத்தைப் பார்த்தார்கள். பிறகு என் வண்டியில் எழுதியிருந்ததை, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தார்கள். மச்சான், நானூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒரு வெள்ளைக்காரன் பிள்ளைச்சாவடிக்கு வந்து பந்தலில் உட்கார்ந்து பார்த்து எழுதின மாதிரி இருந்தது. அந்த அதிர்ச்சியிலும் மனசு கணக்குப் போட்டது: வண்டி மீட்டர்படி கரையிலிருந்து சாரம் வீடு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். அதாவது வீட்டில் நான் யோக்கியன், கரையில் மட்டும் குற்றவாளி.

“மூணாவது தடவ மாட்டுனா, சரக்கு பூரா பறிமுதல். சந்தைக்கு நடுவுல பலகையில ஓட்ட போட்டு, கழுத்தையும் கையையும் அதுல மாட்டி நிக்க வெப்பாங்க.”

“ஏம்மா சங்கவி, மூணுக்கே ஒரு பலகன்னா, உங்கப்பா முப்பது வருஷத்துக்கு எத்தினி பலக வாங்கணும்? மரவாடியையே வெலபேசணுமே!” என்றாள் சுலோசனா.

இங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். வியாபாரத்தில் ஒருத்தன் நம்மைக் கீழே தள்ளினால் அவன் காலைப் பிடித்துச் சேர்த்து இழுப்பது என் வழக்கம். பாய்ந்து போய் மைக்கை வாங்கி, “இரு இரு. இவங்க மட்டும் என்னா? எங்கிட்ட வாங்கிக் காலாப்பட்டுல விக்கிறாங்க. அதுவும் நாலு மைலுக்குள்ளதான். அப்ப இவங்களும் ரெக்ரேட்டர்தானே? இவங்களுக்கும் பலக உண்டா இல்லியா, அதச் சொல்லு!” என்றேன்.

சங்கவி முகம் மலர்ந்துவிட்டது. “சூப்பர்ப்பா, அடுத்த பக்கமே அதுதான்! பொம்பளைங்களுக்குத் தனிப் பேரு இருக்குது. ரெக்ரேட்ரெஸ். லண்டன்ல ரொட்டிக்கடையில வாங்கி, கூடையில வெச்சி வீடு வீடாப் போய் விப்பாங்க. அவங்களுக்குக் கடைக்காரரு பன்னெண்டு ரொட்டிக்குக் காசு வாங்கிக்கினு பதிமூணு ரொட்டி குடுக்கணும். அந்த ஒரு ரொட்டிதான் அவங்க சம்பாத்தியம்.”

சுலோசனா பாதி கடித்த பன்னைக் கீழே வைத்தாள்.

“பன்னெண்டுக்குப் பதிமூணா?”

“அது ரொட்டிக்குச் சொன்னது. மீனுக்கு இல்ல” என்றேன்.

“ரொட்டி நாளைக்கும் இருக்கும்ணா. மீனு மத்தியானமே நாறிப்போவும். அப்ப எங்களுக்குத்தானே நாயம் அதிகம்? பன்னெண்டு கூறுக்குப் பதிமூணு கூறு. இல்லன்னா நாங்க இப்பிடியே குந்தினு இருக்கோம். நாற்காலி நல்லாத்தான் இருக்குது.”

குந்தினார்கள் மச்சான். நான் வாடகைக்கு எடுத்த நாற்காலியில், நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, நான் கட்டின பந்தல் நிழலில் இருபத்தாறு பேரும் குந்தினார்கள். என் மீன் வெயிலில் கிடந்தது. எட்டு மணி ஆச்சு. கானாங்கெளுத்தியின் கண் வெளுக்க ஆரம்பித்தது. சங்கவி நோட்டில் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தாள், ஒருத்தரையும் எழுந்திருங்கள் என்று சொல்லவில்லை. எட்டே காலுக்கு நான், “எடுத்துக்குங்க, எடுத்துத் தொலைங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், “நீ யாரு பக்கம்டி?” என்று. “நான் வார்த்த பக்கம்ப்பா” என்கிறாள். பிறகு சாவகாசமாகச் சொல்கிறாள், அந்தச் சட்டத்தை 1772-இல் எடுத்துவிட்டார்களாம், மிச்சம் மீதி இருந்ததை 1844-இல் துடைத்துவிட்டார்களாம், அதற்கப்புறம் கொஞ்ச காலம் சில ஊர்களில் முட்டை வெண்ணெய் வாங்கி விற்கிறவனுக்குச் சாதாரணமாக அந்தப் பெயர் இருந்து, பிறகு சொல்வதற்கே ஆளில்லாமல் போய்விட்டதாம். விடுதலை கிடைத்த கொஞ்ச நாளில் ஆளே போய்ச் சேர்ந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொன்னாள், சட்டம் இருந்த காலத்திலேயே மீன் வியாபாரிக்கு ஒரு விலக்கு இருந்ததாம். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

“வெலக்கு இருந்துதா? அத ஏண்டி மைக்ல சொல்லல?”

“சொல்றதுக்குள்ள நீதான மைக்கப் புடுங்கிக்கின. அதுவுமில்லாம, ‘நியாயமான வெலைக்கு சில்லறையா விக்கிற மீன்காரனுக்கு மட்டும்’னு இருக்குது. அந்த வரியையும் படிச்சிக் காட்டவா?”

வேண்டாம் என்றேன்.

மச்சான், நான் கேட்பது ஒன்றுதான். அவள் உங்கள் பேச்சைத்தான் கேட்பாள். நீங்கள் போன் போட்டு, வேறு ஏதாவது வார்த்தையை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செத்துப்போன வார்த்தை இங்கிலீஷில் ஆயிரம் இருக்குமே. பூ பேரு, தொப்பி பேரு, மேகத்தின் பேரு என்று எதையாவது ஆராயட்டும். கரைப்பக்கம் வராத வார்த்தையாக இருந்தால் போதும். பன்னிரண்டுக்குப் பதிமூன்று கொடுத்து நான் தொழில் செய்யவேண்டிய நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்ட அந்த ஆராய்ச்சியை இத்தோடு நிறுத்திவிடுங்கள். இது என் முடிவான வேண்டுகோள், இதில் மாற்றம் கிடையாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் குறையில்லாமல் வளர்ந்து, நல்ல சம்பளத்தில், வார்த்தை எதையும் ஆராயாத வேலைகளில் அமர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்
சாமிக்கண்ணு

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சனிக்கிழமை ஆகிவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துப் படியுங்கள். இதே கரையில் இதே தொழிலை, இதே மாதிரி தார்ப்பாய் போட்டுச் செய்கிறவன் வேம்பு. அவன் செவ்வாய்க்கிழமையிலிருந்து, “சாமிக்கண்ணு சட்டத்துல மாட்டுன ஆளு, பெத்த பொண்ணே சொல்லிடுச்சி, நம்ம கை சுத்தம்” என்று சொல்லிக்கொண்டு பன்னிரண்டுக்குப் பதினான்கு கொடுக்கிறானாம். பதினோரு பெண்கள் இன்று காலை அவனிடம் போய்விட்டார்கள். அவன் மட்டும் என்ன, நாலு மைலுக்கு அப்பாலா விற்கிறான்? ஆகையால் தயவுசெய்து சங்கவிக்குப் போன் போட வேண்டாம், அவள் அந்த வார்த்தையை விடவே கூடாது. திங்கட்கிழமை திரும்பவும் கரைக்கு வந்து அந்த 1552-ஐ வேம்பு பெயர் சொல்லிப் படி என்று நானே அவள் காலில் விழாத குறையாகக் கேட்டேன். “ஒருத்தர் பேர மட்டும் சொன்னா அது ஆராய்ச்சி இல்லப்பா, சண்ட. கரையில அந்தத் தொழில் செய்ற எல்லார் பேரையும் சொல்லுவேன், உன் பேரும் வரும்” என்றாள். சுலோசனாவையும் வீட்டுக்கு வரவழைத்து, மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடித்தது இது: பன்னிரண்டு கூறுக்குப் பதினான்கு கூறு, போன பதினோரு பேரும் திரும்பி வரவேண்டும், படிக்கும்போது குற்றவாளிகள் வரிசையில் என் பெயர் முதலில், வேம்பு பெயர் இரண்டாவது, இரண்டு பெயருக்கும் நடுவில் சங்கவி நிறுத்தி மூச்சு விடக் கூடாது.