சொந்தமில்லாத ஒருவர் தேவை

விசா அலுவலகத்துக்கு அனுப்பிய உறை போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டது. பெனியேலி கடிதத்தைப் படித்தான். புரியவில்லை. மறுபடி படித்தான். இந்த முறை புரிந்துவிட்டதால் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று எல்லா நகலிலும் 'அசலைப் பார்த்தேன், சரிதான்' என எழுதி முத்திரை குத்தியிருந்தவர் இன்ஸ்பெக்டர் ஃபலேஃபோ. அவர் பெனியேலியின் சித்தப்பா. சான்றளிப்பவர் விண்ணப்பதாரருக்கு எந்த வகையிலும் உறவாக இருக்கக் கூடாது, அதை இருவருமே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று கடிதம் கறாராகச் சொன்னது.

"சொந்தக்காரங்க கையெழுத்து செல்லாதாம்" என்றான்.

"அப்ப யார் கையெழுத்துதான் செல்லுமாம்?" என்றாள் தங்கை பசெமேதா.

"சொந்தம் இல்லாதவங்களோடது."

"இந்த ஊர்லயா?"

அவள் சிரித்ததில் தப்பில்லை. நடுக்கடலில் கிடக்கும் சின்னத் தீவான ஃபுனாஃபுட்டியில் ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஒரு சித்தப்பா மேல் பட்டு, ஒரு அத்தை மேல் தெறித்துத்தான் கடலில் விழும். புது ஆளைக் கண்டால் 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று ஆரம்பித்து, ஏதாவது ஓர் உறவைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த ஊர்க்காரர்கள் மூச்சே விடுவார்கள்.

பெனியேலிக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி செபோலா ஆக்லாந்தில் முதியோர் இல்ல வேலைக்குப் போனபோது சின்னவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது ஓடுகிறாள். 'அம்மா எங்கே?' என்று யாராவது கேட்டால் போனைக் காட்டுகிறாள். திருத்திய காகிதங்கள் வியாழக்கிழமை விமானத்தில் போகாவிட்டால் கெடு முடிந்துவிடும். பிறகு எல்லாம் முதலிலிருந்து.

"கவலைப்படாதேண்ணே, நானும் கூட வர்றேன். உனக்குப் பேசத் தெரியாது" என்று பசெமேதா மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டாள். நல்ல தங்கை என்று அவன் மனம் நெகிழ்ந்தது.

டாக்டர், போதகர், வக்கீல் போன்ற சிலருக்குத்தான் சான்றளிக்கும் அதிகாரம் உண்டு. முதலில் ஆஸ்பத்திரி. நனுமேயா தீவிலிருந்து புதிதாக வந்திருந்த பெண் டாக்டர், மறுபேச்சு இல்லாமல் பேனாவை எடுத்தார்.

"டாக்டரம்மா நனுமேயாவுல யார் வீடு?" என்றாள் பசெமேதா.

"எங்கம்மா சுலியானா. லோமியோட பொண்ணு."

"எந்த லோமி? சுறாகிட்ட கால் விரலைக் குடுத்தாரே, அந்த லோமியா?"

"ஆமா! தாத்தாவைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமாவா! எங்க தாத்தா கூடப் பொறந்தவரு!"

டாக்டர் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து வந்து இருவரையும் கட்டிக்கொண்டார். "நான் இங்க தனியா கிடக்கறேன், அண்ணன் ஒருத்தர் இருக்கீங்கன்னு யாரும் சொல்லலியே!"

பெனியேலிக்கு ஒரு தங்கை கிடைத்தாள், ஒரு கையெழுத்து போயிற்று. பிள்ளைகளுக்கென்று ஒரு புட்டி இருமல் மருந்தும் கிடைத்தது. யாருக்கும் இருமல் இல்லை.

"உன்னை யாரு வம்சத்தைக் கிளறச் சொன்னது?" என்று வெளியே வந்து சீறினான்.

"பின்னாடி தெரிஞ்சா பொய்க் கையெழுத்துன்னு உன்னைத்தானே பிடிப்பாங்க? உன் நல்லதுக்குத்தான் கேட்டேன்."

அதுவும் நியாயம்தான். அதற்குள் அவள் போன் அடித்தது. ரொட்டிப்பலா மரத்தடிக்குப் போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தாள். யாரென்று அவன் கேட்கவில்லை. தங்கையின் போனைத் துருவுவது அந்த ஊரில் அண்ணனுக்கு அழகில்லை.

"போதகர் கிதியோனாகிட்ட போகலாமா?"

"ஐயோ, வேணவே வேணாம்! அவர் சம்சாரம் நம்ம அம்மாவுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தான். அல்லது தெரிந்ததே இல்லை.

சட்டென்று அவன் முகம் மலர்ந்தது. "வெள்ளைக்காரன்! வக்கீல் டங்கன்! அந்த ஆள் எந்த லோமிக்குப் பேரனா இருக்க முடியும்?"

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டங்கன், அரசுக் கட்டடத்தின் மாடியில் வெயிலில் சிவந்த மூக்கோடு உட்கார்ந்திருந்தார். காகிதங்களைப் பார்த்தார், அசலோடு ஒத்துப் பார்த்தார், முத்திரையை மையில் அழுத்தினார். பெனியேலி மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"டங்கன் அண்ணே, கிறிஸ்துமஸ் விருந்துல எங்க பெரியம்மா உங்களுக்கு மாலை போட்டு என்னமோ சொன்னாங்களே, என்ன அது?" என்றாள் பசெமேதா.

முத்திரை அந்தரத்தில் நின்றது. "'இன்னையிலேர்ந்து நீ என் மகன்'னு சொன்னாங்க. மறப்பேனா? ஞாயித்துக்கிழமை தவறாம அங்கதானே சாப்பிடறேன்." அவர் கண் கலங்கிவிட்டது.

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது சார்" என்றான் பெனியேலி அவசரமாக.

"பேச்சுக்கா? அப்ப நான் உனக்கு யாருமே இல்லையா பெனியேலி?"

சிவந்த மூக்கு இன்னும் சிவந்தது. இந்த மனுஷனை அழ விட்டுவிட்டு ஆக்லாந்துக்குப் போய் என்ன செய்ய? "யார் சொன்னது? நீங்க என் தம்பி" என்று தோளைத் தட்டினான். டங்கன் சந்தோஷமாக முத்திரையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாளுக்குள் விஷயம் தீவு முழுக்கப் பரவிவிட்டது. பெனியேலி சொந்தமே வேண்டாம் என்று வேற்றாளைத் தேடித் தீவெல்லாம் அலைகிறானாம் என்று கேள்விப்பட்டுப் பெரியம்மா அழுதுகொண்டே வந்தாள். "பொறந்தப்ப உன்னைக் குளிப்பாட்டினவடா நான்!" அவளைச் சமாதானப்படுத்திவிட்டுக் கிளம்பினால், சித்தப்பா இன்ஸ்பெக்டர் வழியில் மறித்தார்.

"என் கையெழுத்து செல்லாதுன்னியாமே?"

"நான் சொல்லல சித்தப்பா, அவங்கதான்..."

"ஹெல்மெட் எங்கே?"

"சித்தப்பா!"

"சித்தப்பாவா? நீதான் சொந்தம் இல்லாத ஆளைத் தேடறியே. இந்தா, நான்தான் அந்த ஆளு" என்று அபராதச் சீட்டை நீட்டினார்.

புதன் மாலை. பெனியேலி ஓய்ந்துபோய் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தான். சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு போனில் செபோலாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது கண்ணீரே வந்துவிட்டது.

பசெமேதா தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். "ஒருத்தர் இருக்காருண்ணே. நீ கோவிச்சுக்கக் கூடாது."

"யாரு?"

"லமேகோ ஐயா."

லமேகோ ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சான்றளிக்கும் அதிகாரம் உள்ளவர். அவருக்கும் தனக்கும் ஒரே கொள்ளுத்தாத்தா, ஆகவே அக்கரைத் தென்னந்தோப்பில் தனக்கும் பங்குண்டு என்று பெனியேலியின் அப்பா வழக்குப் போட்டிருந்தார். இந்த ஆள் எனக்கு யாரோ எவரோ என்று பைபிளில் அடித்துச் சத்தியம் செய்தார் லமேகோ. அப்பா போய்ச் சேர்ந்தும் வழக்கு போகவில்லை. தேவாலயத்தில்கூட இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு ஓரத்தில்தான் உட்காரும்.

"அந்த ஆள் வாசலை மிதிக்கறதா? அப்பா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்துடுவாரு!"

"வந்தும் பிரயோசனமில்லண்ணே. அப்பா கையெழுத்தும் செல்லாது. சொந்தம்."

விமான ஓடுபாதை ஓரத்தில் லமேகோ பன்றிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். "பங்கு கேட்க வந்தியா?" என்றார் திரும்பாமலே.

"இல்லீங்க ஐயா. சொந்தமில்லைன்னு ஒரு கையெழுத்து வேணும்."

லமேகோ வாளியைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். உள்ளே போய் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் அவர் மகன், யாரும் சொல்லாமலே மேசை நாற்காலி போட்டு, முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்திருந்தான். அந்த அப்பனுக்கு இப்படி ஒரு பணிவான பிள்ளை என்று பெனியேலி வியந்தான்.

"நீ எனக்கு யாரு?"

"யாருமில்லீங்க ஐயா."

"பன்னிச் சத்தத்துல காது கேட்கல."

"யாருமே இல்லீங்க ஐயா!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். "எழுது" என்றார் லமேகோ, முகமெல்லாம் மலர்ந்து.

பேனா நகரவில்லை. அப்பாவின் முகம் கண்ணில் வந்து நின்றது. அவமானமாக இருந்தது. தோப்பை விட்டுக்கொடுப்பது ஒன்று, அப்பா பொய் சொன்னார் என்று அவர் மகனே எழுதிக் கொடுப்பது வேறு. ஆனால் தோப்பு தேங்காயைத்தான் தரும், செபோலாவைத் தராது. மன்னிச்சுக்குங்கப்பா என்று மனதுக்குள் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தான்.

"'ரெண்டு குடும்பத்துக்கும்'னு சேர்த்து எழுதுண்ணே. அப்பத்தான் கெட்டியா இருக்கும்" என்று பசெமேதா பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "இன்னொரு பிரதியும் போட்டுடு. வழியில தொலைஞ்சா?"

லமேகோ சான்றிதழ் நகல்களிலும் அந்த இரண்டு பிரதியிலும் ஓங்கி ஓங்கி முத்திரை குத்தினார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி பொரித்த மீனும் இளநீரும் கொண்டுவந்து வைத்தாள். பகை வீட்டு மீன் அவ்வளவு ருசியாக இருக்கும் என்று பெனியேலி எதிர்பார்க்கவில்லை.

வியாழக்கிழமை சைரன் ஊதியது. ஓடுபாதையிலிருந்து நாய்களையும் பிள்ளைகளையும் விரட்டினார்கள். விமானம் வந்து இறங்கியது. உறையைப் பயணி ஒருத்தியின் கையில் சேர்த்துவிட்டு, பெனியேலி செபோலாவுக்குப் போன் போட்டான். "போயிடுச்சும்மா. இந்தத் தடவை ஒரு குறையும் சொல்ல முடியாது!" மறுமுனையில் அவள் அழுதாள். இவனும் அழுதான். சின்னவள் போனைப் பிடுங்கி முத்தம் கொடுத்தாள். விமானம் புள்ளியாகி மறையும் வரை அவனும் சின்னவளும் பசெமேதாவும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"எல்லாம் உன்னாலதான் பசெ. நீ இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்று தழுதழுத்தான். அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

அப்போது போதகர் கிதியோனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். லமேகோவின் முத்திரை குத்திய இரண்டாவது பிரதி அவர் கையில் இருந்தது. பெனியேலியின் தோளில் ஆதரவாகத் தட்டிவிட்டு, அவன் தங்கையைப் பார்த்துச் சொன்னார்:

"ஏம்மா, சொந்தத்துக்குள்ள நான் கல்யாணம் பண்ணி வைக்க மாட்டேன், லமேகோ பையன் உனக்குச் சொந்தமில்லைன்னு உங்க அண்ணன்கிட்ட எழுதி வாங்கிட்டு வான்னுதானே சொன்னேன், மாப்பிள்ளையோட அப்பாவையே முத்திரை குத்த வெச்சுட்டியே!"