நாளைக்கு டெய்லரின் திருப்பலிப் புத்தகம்

ஸ்டேப்ளர் நடுமடிப்பை எட்டவில்லை.

டெய்லர் புத்தகத்தை வளைத்துப் பார்த்தார். ஸ்டேப்ளரை அகலமாகப் பிளந்து பார்த்தார். கடைசியில் கட்டைவிரலில் ஒரு பின்னை அடித்துக்கொண்டு, விரலை வாயில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

மகளின் கல்யாணத் திருப்பலியில், அதாவது கோயில் பூசையில், வருகிறவர்கள் பார்த்துப் பாடும் புத்தகத்துக்கான தாள்கள் துணி வெட்டும் மேஜையில் குவிந்து கிடந்தன. ஜெராக்ஸ் கடையில் அடித்து வாங்கிய இளம் மஞ்சள் தாள். ஒரு புத்தகத்துக்கு நாலு தாள். நாலையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடித்தால் வேலை முடிந்தது. அந்த இரண்டு பின்னில்தான் மாட்டிக்கொண்டார்.

"பேசாம அச்சகத்துலயே கொடுத்திருக்கலாம்," என்றாள் மனைவி. அவள் ஒரு சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அச்சகத்துல சொன்ன விலைக்கு, கல்யாணத்துக்கு வர்ற எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு சட்டை தச்சுக் கொடுத்துடலாம்."

"கொடுக்கலாம். பேரன் பேத்தி எடுத்த பிறகு கொடுப்பீங்க."

தெருவில் அவருக்கு 'நாளைக்கு டெய்லர்' என்று பெயர். கைவேலையைக் குறை சொல்ல ஒரு ஆள் கிடையாது. காலர் வைத்தால் காலர்தான். ஆனால் எந்த உடுப்பைக் கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பார். "பட்டன் மட்டும்தான் பாக்கி" என்பார். துணியை அப்போதுதான் வெட்டியிருப்பார்.

பெற்ற மகளுக்கும் இதே கதிதான். சிறு வயதில் அவள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று கோயில் வாசலில் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நிற்க, இவர் முழங்கால் போட்டு அவளுடைய வெள்ளை கவுனின் கீழ்மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். வரிசை நகர நகர இவரும் முழங்காலாலேயே நகர்ந்தார். பார்த்தவர்கள் என்ன பக்தி என்று நினைத்தார்கள். பீடத்தடியில்தான் நூலைக் கடித்து அறுத்தார்.

அதனால்தான் இந்தப் புத்தக வேலையை அவர் கெஞ்சி வாங்கினார். கல்யாண கவுன் கடையில் வாங்கியாகிவிட்டது. அதை அவரிடம் கேட்கக்கூட யாரும் துணியவில்லை. "இந்தப் புத்தகத்தையாவது நான் செய்யறேன்மா. சொன்ன நாளுக்குக் கொடுத்துடுவேன்," என்றார்.

மகள் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். "சரிப்பா. ஆனா செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஃபாதர் கைல இருக்கணும். அவர் பாத்துக் கையெழுத்துப் போடணும். பிந்தினா புத்தகமே வேணாம்னு சொல்லிட்டார்."

கல்யாணம் அடுத்த வாரம் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை என்பது இன்றைக்கு.

வாயிலிருந்து விரலை எடுத்த டெய்லர் தன் தையல் மிஷினைப் பார்த்தார். பார்த்தவுடன் முகம் தெளிந்துவிட்டது.

"ஜீன்ஸையே தைக்கிற மிஷின். நாலு தாளைத் தைக்காதா?"

தைத்தது. அழகாகவே தைத்தது. கல்யாண கவுனுக்குப் பொருத்தமாக வெள்ளை நூலைக் கோத்து, தாள்களை மடித்து, மடிப்போடு ஒரே ஓட்டு ஓட்டினார். டக டக டகவென்று புத்தகங்கள் விழுந்தன. காலை முழுக்க தலை நிமிராமல் தைத்து அத்தனையையும் முடித்துவிட்டார். தன் ஆயுளில் ஒரு வேலையை இவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை என்பதில் அவருக்கே ஒரு வியப்பு.

"எடுத்துப் பாரு," என்று ஒரு புத்தகத்தை மனைவியிடம் நீட்டினார்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பாதியில் நிறுத்தினாள்.

"என்னங்க, முதல் பக்கத்துலயே பாதிப் பூசைல வர்ற காணிக்கைப் பாட்டு இருக்கு."

"இருக்காதே."

"அப்புறம் நற்கருணை. அப்புறம் இறுதி ஆசீர். எல்லாரும் நன்றிப் பாட்டு பாடிட்டாங்க. அதுக்கப்புறம் நடுப்பக்கத்துல பொண்ணு பேரும் மாப்பிள்ளை பேரும் போட்டு அட்டை வருது. கல்யாணமே முடிஞ்ச பிறகு இவங்கதான் அந்த ஜோடின்னு காட்டறீங்களா?"

டெய்லர் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். அட்டைப் பக்கம் நட்டநடுவில் பத்திரமாகப் படுத்திருந்தது. கல்யாண வாக்குறுதி புத்தகத்தின் வால்பக்கம் போயிருந்தது.

என்ன நடந்தது என்று அவருக்கு உடனே புரிந்தது. தையல்காரர் எதைத் தைத்தாலும் நல்ல பக்கத்தை உள்ளே வைத்து மடிப்பார். உள்பக்கம் வெளியே தெரியத் தைத்து, பிறகு புரட்டிப் போடுவார். காலர் அப்படித்தான், தலையணை உறை அப்படித்தான். கை தன் பழக்கத்தில் அட்டையை உள்ளே வைத்து மடித்திருந்தது.

"இதுக்கு ஏன் இப்படிப் பாக்கற? புரட்டிப் போட்டா சரியாப் போச்சு."

புரட்டினார். மடிப்பை எதிர்ப்பக்கமாகத் திருப்பி ஒடித்தார். பக்கங்கள் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டன. அட்டை முன்னால், நன்றிப் பாட்டு பின்னால். ஆனால் தாளுக்குப் பழைய மடிப்பின் மேல்தான் பாசம். கையை எடுத்ததும் புத்தகம் வாயைப் பிளந்தது. மேஜை முழுக்க புத்தகங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றன.

"இதுக்கெல்லாம் மருந்து இருக்கு," என்று அவர் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டார்.

முதல் புத்தகத்தில் தேய்த்துப் பார்த்தார். பெட்டி அப்போது சரியாகச் சூடேறியிருக்கவில்லை. புத்தகம் சமர்த்தாகப் படிந்தது. மனைவிகூட "பரவாயில்லையே" என்றாள். அந்த ஒரு சொல் அவரைக் கெடுத்தது. பெட்டி நன்றாகக் கொதித்ததும், புத்தகங்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

போன் அடித்தது. மகள். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மதியச் சாப்பாட்டு நேரம்.

"அப்பா, புத்தகம் எந்த மட்டுல இருக்கு?"

"முடிஞ்ச மாதிரிதான்மா. தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்."

"பட்டன் மட்டும்தான் பாக்கியா?"

"கிண்டலா? ஆறு மணிக்கு ஃபாதர் கைல இருக்கும், பாரு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "பதறாம செய்யுங்கப்பா. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்," என்றார். சாப்பிட்டிருக்கவில்லை.

போனை வைத்துவிட்டு, ஆறிய கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் திறந்தார். திறக்கவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். சரக்கென்று ஒரு சத்தம் வந்தது.

ஜெராக்ஸ் மை சூட்டில் இளகும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தால் இந்தப் பக்கத்து எழுத்து அந்தப் பக்கத்துக்குப் போயிருந்தது. மாப்பிள்ளை சொல்ல வேண்டிய வாக்குறுதி பெண்ணுடைய வாக்குறுதியின் மேலேயே இடவலம் மாறிப் படிந்திருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசறாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அப்படித்தானே," என்றாள் மனைவி. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"எல்லாத்துலயும் எல்லாப் பக்கமும் கெட்டிருக்காது. தையலைப் பிரிச்சு, நல்ல தாளை மட்டும் பொறுக்கிச் சேர்த்துத் தைப்போம்."

இதுதான் அவருடைய கடைசி நம்பிக்கை. சொல்லப்போனால் அதுதான் அவருடைய வேதமும். எந்த உடுப்பைத் தைத்தாலும் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத்தான் தைப்பார். ஆள் பருத்தால் பிரித்துத் தைக்கலாம், தப்பு வந்தால் பிரித்துத் தைக்கலாம். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட பாவாடை, அவளோடு வருஷா வருஷம் வளர்ந்தது. "உள்ளே விடாம தைக்கிறவன் தையல்காரனே இல்ல," என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டே அவள் பெரியவளானாள்.

ஆனால் தாளில் உள்ளே விட எதுவும் இல்லை. நூலை உருவியதும் ஊசி போன ஓட்டைகள் வரிசையாக இளித்தன. தாளைத் தூக்கினால், ஓட்டை போட்ட வழியே தபால்தலை மாதிரி இரண்டாகக் கிழிந்தது. ஒன்று, இரண்டு, அதற்கடுத்ததும் அப்படித்தான். ஒட்டியதும் கிழிந்ததும் போக, சூடேறாத பெட்டியில் தேய்த்த முதல் புத்தகம் மட்டும் முழுசாக மிஞ்சியது.

டெய்லர் அளவு நாடாவைக்கூட கழுத்திலிருந்து எடுக்காமல் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார்.

"திரும்ப ஒரு தடவை அத்தனையும் அடிச்சுக் கொடுப்பா. அவசரம்."

ஜெராக்ஸ்காரர் தலையை நிமிர்த்தினார். அவருடைய பேன்ட் ஒன்று டெய்லர் கடையில் வெகுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வாங்க மாஸ்டர்," என்றார் நிதானமாக.

"இன்னைக்கே வேணும்ப்பா. என் பொண்ணு கல்யாணம்."

"மிஷின்ல வேற வேலை ஓடுது. நெஜமாத்தான் சொல்றேன். முடிஞ்ச மாதிரிதான், ஆனா நாளைக்குத்தான்."

இந்தச் சொற்களை வாங்கிக்கொள்ளும் இடத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றாகவே இல்லை.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினார். மிஞ்சிய ஒரே புத்தகத்தை ஒரு துணிப்பையில் வைத்தார். மனைவி, வீட்டு முன்பக்கத்துக் கடையில் கிடந்த வெள்ளை சாட்டின் ரிப்பனில் ஒரு துண்டு வெட்டி, புத்தகத்தின் முதுகில் கட்டிவிட்டாள்.

"இதை மட்டும் காட்டி, ரெண்டு நாள் தவணை கேளுங்க. ஃபாதரும் மனுஷர்தானே."

"ரெண்டு நாள் தவணை கேட்டா, அப்பா வழக்கம் போலத்தான்னு பாப்பா நினைப்பா."

"நினைச்சா நினைக்கட்டும். உங்களை அவளுக்குத் தெரியாதா?"

அதுதானே அவருக்கு வருத்தம். பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பொருளை, சொன்ன நாளுக்கு மகள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காகச் சாப்பிடாமல்கூட வேலை பார்த்தார். ஆனாலும் கையில் இருந்தது ஒரு புத்தகம்.

கோயிலில் இன்னும் மணி ஆறு அடிக்கவில்லை. அடிக்க வேண்டியவரான கோயில்பிள்ளை அப்போதுதான் மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். டெய்லரைக் கண்டதும் துடைப்பதை நிறுத்தி, வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாஸ்டர், நீங்களா? இன்னைக்கேவா வந்துட்டீங்க?"

"ஃபாதரைப் பாக்கணும். புத்தகத்துக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு, அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டு..."

"ஃபாதர் தியானத்துக்குப் போயிருக்காரே. வெள்ளிக்கிழமைதான் வருவார்."

"அப்போ இன்னைக்கு யார் கையெழுத்துப் போடறது?"

"யாரும் போட வேண்டாம். அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தா போதும்னு அவர் போன மாசமே சொல்லிட்டார்."

டெய்லர் பக்கத்திலிருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். கோயில்பிள்ளை துணிப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, ரிப்பனைத் தடவிப் பார்த்தார். அட்டையை அடுத்த பக்கத்தில் வருகைப் பாடல் ஒழுங்காக இருந்தது.

"நல்லா வந்திருக்கே. மத்ததெல்லாம் எங்க?"

"கெட்டுப் போச்சு. ஜெராக்ஸ்காரன் நாளைக்கு வரச் சொல்லியிருக்கான். எங்க பாப்பா என்னடான்னா இன்னைக்கு ஆறு மணிக்கு மேல ஒரு நிமிஷம் பிந்தக்கூடாதுன்னு சொல்லிச்சே?"

கோயில்பிள்ளை புத்தகத்தைப் பத்திரமாகப் பையில் திருப்பி வைத்தார்.

"அதுவா மாஸ்டர், 'எங்கப்பாகிட்ட நாள் சொல்லும்போது உள்ளே ஒரு வாரம் விட்டுத்தான் சொல்லணும், அப்பதான் பிரிச்சுத் தைக்க முடியும்'னு பாப்பா ஃபாதர்கிட்டயே சொல்லிட்டுத்தான் போச்சு."