கட்டைவிரல் ஜாதகம்

"சார், இந்த மெஷின இன்னொரு வாட்டி என் எதிர்ல ஓட்டிக் காட்டுங்க."

வேலையில் சேர்ந்த அன்றே பள்ளித் தாளாளர் சாமிதுரை சொல்லியிருந்தார்: சம்பளம் ஏன் லேட்டு என்றுகூடக் கேளு, மெஷினைச் சோதிக்கணும்னு மட்டும் கேக்காத. அன்பரசி அதைத்தான் கேட்டாள், அத்தனை பேர் முன்னால்.

சும்மா கூட்டமில்லை. ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்பிலிருந்தெல்லாம் பஸ் ஏறி விருத்தாசலம் வந்திருந்தார்கள். பிள்ளை கட்டைவிரலை வைத்தால் போதும், மூளைக்குள் டாக்டர் இருக்கிறாரா, வக்கீல் இருக்கிறாரா என்று திரையில் வந்துவிடுமாம். மெஷின் கம்பெனியிலிருந்து வந்த வெள்ளைக்கோட்டு கோகுலகிருஷ்ணன் சூடம் காட்டிவிட்டுத்தான் ஸ்விட்சைப் போடுவார். விஞ்ஞானத்துக்கும் கண்ணேறு உண்டல்லவா.

புது டீச்சர்கள் தொழில்நுட்பத்தோடு பாடம் நடத்த வேண்டும் என்பது பள்ளியின் உத்தரவு. குடும்பத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் போன அன்பரசிக்கு வாய்த்த தொழில்நுட்பம், பிள்ளையின் பெயரையும் அப்பாவின் தொழிலையும் மெஷினில் தட்டுவது. தட்டித் தட்டி அவளுக்கு ஒன்று உறைத்தது. வக்கீல் மகனுக்குள் வக்கீல்தான் இருந்தார். பீங்கான் சூளைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குள் மட்டும் ஒரே 'கைத்தொழில்'. விரலைப் பார்க்கிற மெஷின், அப்பன் கையைப் பார்த்தல்லவா பேசுகிறது.

இன்றைக்குக் காவியா. பத்தாவதில் பள்ளிக்கே முதல். கேட்டது உயிரியல் பிரிவு. வந்தது கைத்தொழில்.

"மெஷின் சொன்னா சொன்னதுதான். பயாலஜி சீட்டு கெடையாதும்மா," என்றார் சாமிதுரை.

"எங்க தலையெழுத்து டீச்சர், வுட்டுடுங்க," என்றார் காவியாவின் அப்பா பாவாடை, சூளைக்காரர்.

அன்பரசி விடவில்லை. அலமாரியில் கையைத் தூக்கி நின்ற பீங்கான் பொம்மையை எடுத்து வந்தாள். அப்பா தொழில்: இதய டாக்டர் என்று தட்டி, பொம்மையின் விரலைக் கண்ணாடியில் வைத்தாள்.

"மேடம், அதுக்கு ரேகையே இல்லிங்க," என்று பதறினார் கோகுலகிருஷ்ணன்.

"மெஷினுக்குத் தெரியுதான்னு பாப்போம் சார்."

தெரியவில்லை. 'அபார ஞாபகசக்தி. இதய டாக்டர் ஆவார். தினமும் பாதாம் கொடுக்கவும்.'

"தலைக்குள்ள வெறும் காத்துதான சார் இருக்குது, அதுக்கே ஞாபகசக்தியா?" என்றார் பாவாடை. கூட்டம் சிரித்தது.

அடுத்து காவியாவின் விரல், அப்பா தொழில் கலெக்டர். சற்றுமுன் கைத்தொழில் சொன்ன அதே விரலுக்கு, கலெக்டர் பதவியே வந்தது. கோகுலகிருஷ்ணன் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

சாமிதுரை அவளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"இன்னிக்கு மட்டும் மெஷின் கோளாறுன்னு வெளிய சொல்லிடும்மா. உன் வேலைய நிரந்தரமாக்கிடறேன்."

"கோளாறெல்லாம் இல்ல சார். நீங்க சொல்லிக்குடுத்தத அது சரியாச் சொல்லுது."

கதவைத் திறந்தாள். கூட்டம் அவள் முகத்தைப் பார்த்தது.

"புள்ள வெரலப் பாக்குற மெஷினுக்கு அப்பன் தொழிலு எதுக்குன்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா? மெஷினுக்குத்தான் மூளை இல்ல. நமக்கு?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. காவியாவின் கையைப் பிடித்துக்கொண்டு உயிரியல் வகுப்பை நோக்கி நடந்தாள்.