கீழ்க்கட்டில் சபை

சமாதானச் செயலாளர் என்றொரு இனம் உண்டு. வளைகுடாவில் எட்டுப் பேர் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் படுக்கிற இடமெல்லாம் தானாக முளைக்கும். உரம் வேண்டாம், ஒரு சண்டை போதும்.

குவைத்தில், அப்பாசியாவில், எங்கள் அறைக்கு வாய்த்தவர் சிவகுருநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸ் வேலை. முதல் உலகப் போர் முடிந்ததும் ஜெனீவாவில் நாடுகளின் சங்கம் அமைத்தார்களே, அதை எந்தக் காலத்திலோ பரீட்சைக்குப் படித்தவர், அதே அச்சில் எங்கள் அறையையும் வார்த்துவிட்டார். எட்டுப் பேரும் பொதுச்சபை. கீழ்க்கட்டில்காரர் நால்வரும் நிரந்தர உறுப்பினர்களாக நிர்வாகக் குழு. நோட்டும் நாலு நிறத்தில் பேனாக்களும் வைத்திருப்பதால் அவரே செயலகம். எந்த முடிவும் ஏகமனதாக இருக்க வேண்டும். படை? அது மட்டும் கிடையாது. ஜெனீவாவிலும் கிடையாதாம்.

ஏசி பதினெட்டா இருபத்துநாலா என்கிற வரையில் சபை ஜோராகத்தான் நடந்தது. பிறகு, மேல்கட்டில் மாயாண்டி சைட்டில் விழுந்து இடுப்பில் அடியோடு வந்தார். ஏணி ஏறினால் அப்புறம் டூட்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு நேர் கீழே படுப்பவர் பாண்டித்துரை.

குழு கூடியது.

"பாண்டித்துரை, நீர் ஒரு மாசம் மேல படுக்கலாம்தானே?" என்றார் சிவகுருநாதன்.

"மாட்டேண்ணே. நானும் குழு மெம்பரு. என் ஓட்டு இல்லாம ஏகமனசு எங்கிட்டு வரும்?"

"அப்ப கண்டனத் தீர்மானம் போடுவன்."

"போட்டா?"

"அதைவிடக் கடுமையான கண்டனம்."

"அதுக்கும் மேல?"

செயலகம் பச்சைப் பேனாவை மூடிவிட்டுச் சிவப்பை எடுத்தது.

"நான் தரையில படுத்துக்கிறேண்ணே," என்றார் மாயாண்டி.

"பொறும் தம்பி. தரை பொதுச்சபைக்குச் சொந்தம். அதுக்கு வேற தீர்மானம் வேணும்."

விசாரணைக் குழு ஒன்று ஏணியை நேரில் பார்வையிட்டு, படிகள் ஐந்து என்று அறிக்கை தந்தது. அந்த ஐந்து படிகளையும் மாயாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் ஏறி இறங்கினார். மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டினார். பக்கத்துக் கட்டடத்தில் அவருடைய ஊர்க்காரர் சுரேஷ்குமார், யாரையும் கேட்காமல், தன் கீழ்க்கட்டிலைக் காலி செய்து வைத்திருந்தார்.

செயலகம் வாசலில் மறித்தது. "சபையில இருந்து விலகிறதெண்டா ரெண்டு வருஷம் முன்னறிவித்தல் தர வேணும். ஜெனீவாவிலயும் அதுதான் விதி."

"சரிண்ணே. அந்த ரெண்டு வருசமும் உங்க கீழ்க்கட்டில்ல படுத்துக்கவா?"

கேள்வி ஒழுங்குக்குப் புறம்பானது என்று சிவப்பு மையில் பதிவாயிற்று.

பாண்டித்துரையைத்தானே இவ்வளவு நேரமும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தீர்கள்? திட்டுவதும் கண்டனத் தீர்மானம்தான், சுவாமி. நாலாவது கீழ்க்கட்டிலில் படுத்தபடி நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். உங்களுடையது எந்தக் கட்டில்?