கோதண்டராமன் ஊர் திரும்பிய நூற்றுப் பதினான்கு நாட்கள்

தீயையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த மூன்றாவது பெரிய காரியம், நாற்பத்தெட்டு வயதில் வேலையை உதறிவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்புவதுதான். இதை நான் சொல்லவில்லை. கோதண்டராமன் சொன்னார். டல்லாஸிலிருந்து, காணொளியில், பன்னிரண்டு படங்கள் போட்டு விளக்கிச் சொன்னார்.

கோதண்டராமன் பிறந்தது பெங்களூரு தொம்மலூரில், கோவிலுக்குப் பின்னால் உள்ள பழைய தெருவில். இருபத்தைந்து வயதில் அமெரிக்கா போனவர். அவருடைய அக்கா கோமளம் எங்கும் போகவில்லை. அதே வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, முன் ஹாலில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு இருந்துவிட்டார். இது சாதாரண விஷயம் என்பதால் பன்னிரண்டு படங்களில் ஒன்றில்கூட இடம்பெறவில்லை.

நான் வைத்தீஸ்வரன். அந்த வீட்டு மாடியில் பத்தொன்பது வருடமாக வாடகைக்கு இருந்தவன். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், தனியாள். காணொளிக் கூட்டத்தின் முடிவில் கோதண்டராமன் என்னை 'களப் பொறுப்பாளர்' ஆக நியமித்தார். ஓய்வு பெற்றவனுக்குப் பதவி கிடைப்பது எவ்வளவு ஆபத்தானது என்று அப்போது எனக்குத் தெரியாது.

"ஸார், நான் வீட்டுக்கு வரல. என் வேருக்கு வரேன்" என்றார்.

"ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி அனுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"அனுப்புங்க. ஏ.சி. வண்டியா பாருங்க."

ஜனவரியில் வந்து இறங்கினார். மனைவி நிருபமாவும் மகனும் 'இரண்டாம் கட்டத்தில்' வருவார்களாம். இரண்டாம் கட்டம் எப்போது என்பது மூன்றாம் கட்டத்தில் தெரிவிக்கப்படுமாம். கதர் ஜிப்பா போட்டிருந்தார். வாசலில் நின்று கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "மண் வாசனை" என்றார். தெரு முழுக்க சிமெண்ட் போட்டு ஆறு வருடம் ஆகிறது. ஆனாலும் மகான்களின் மூக்கு வேறு.

நான்காம் நாள் முதல் ஆலோசனைக் கூட்டம் கூடியது. தலைவர் கோதண்டராமன். உறுப்பினர் கோமளம். குறிப்பெடுப்பவன் நான். ஒரே தீர்மானம்: முன் ஹாலை 'மௌன அறை' ஆக மாற்றுவது.

"அக்கா, நான் இந்த ஊரோட குரலைக் கேக்க வந்திருக்கேன். அதுக்கு எனக்கு அமைதி வேணும்."

"கேளுடா, யாரு வேணாம்னா? மார்ச்சுல பத்தாவது பரீட்சை. முப்பத்தோரு பசங்க. ரெண்டு மாசம் பொறுத்துக்கோ, அப்புறம் ஹால் உன்னோடது."

"ஆன்மாவுக்கு அகடமிக் கேலண்டர் தெரியாதுக்கா."

கோமளம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் கோமளத்தின் படுக்கையறை 'நினைவுக் கூடம்' ஆயிற்று. அங்கே அப்பாவின் படங்களை மாட்டி, அப்பாவைப் பற்றி வாரம் ஒரு பாட்காஸ்ட் பேசுவார். அப்பாவுக்குக் கடைசி மூன்று வருடம் சோறு ஊட்டியவர் படுக்க வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தலைவர் மிகுந்த நாகரிகத்துடன் குறிப்பால் உணர்த்தினார். வீடு அவர் பெயரில் இருந்தது. அப்பா இறந்த வருடமே கோதண்டராமன், "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கா" என்று கோமளத்திடம் கையெழுத்து வாங்கியிருந்தார்.

எழுத்துபூர்வமாக இருப்பது நல்லது என்று தலைவர் கருதினார். என் முப்பத்தைந்து வருட அனுபவம் கைகொடுத்தது. 'காலி செய்யவும்' என்ற முரட்டுச் சொல்லைத் தவிர்த்து, 'தங்களது கற்பித்தல் பணி பரந்த வெளிக்கு விரிவடைவதை முன்னிட்டு' என்று டைப் அடித்தேன். படித்துவிட்டு அவர் என் தோளைத் தட்டினார். கடிதத்தை நானே கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கோமளம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். படித்தார். மடித்து சாக்பீஸ் டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

"சரி ஸார். பசங்க வர நேரம்" என்றார்.

இந்த வரலாற்றுத் திருப்பத்தில் குறுக்கே வந்தவள் ஆஞ்சலா. ஈஜிபுராவில் இருப்பவள், பக்கத்து அலுவலகத்தில் துப்புரவு வேலை. அவள் பெண் பத்தாவது, கோமளத்திடம்தான் படிக்கிறாள். விஷயம் கேள்விப்பட்டு, யூனிஃபார்மோடு வந்து நின்றாள்.

"எங்க ஏரியாவுக்கு வந்துடு மிஸ்ஸு. நாங்க இருக்கற பில்டிங்லயே மேல ஒரு ஹால் காலியா கீது, கூட ஒரு ரூமும் கீது. ஓனருகிட்ட பேசிட்டேன். பசங்க அங்க நடந்து வந்துடும்."

"எனக்கு அம்பத்திரண்டு வயசு ஆஞ்சலா. புதுசா ஒரு ஏரியாவுல போய்..."

"அதுக்கின்னா? எனக்கு ஏரியா புதுசா இருந்தப்ப யாரு கேட்டா?"

ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகளும் பெற்றோர்களும் வந்து பெஞ்சுகளைத் தூக்கினார்கள். கரும்பலகை மட்டும் சிறிய டெம்போவில் போயிற்று. கோதண்டராமன் முழுவதையும் மொபைலில் படமெடுத்தார். 'என் ஊர் மக்களின் கூட்டு உழைப்பு' என்று தலைப்பிட்டு வெளியிட்டார். எண்ணூறு பேர் கை தட்டினார்கள். கோமளம் கடைசியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, சமையலறைக் குழாய் சொட்டுகிறது, வாஷர் மாற்று என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மௌன அறை திறக்கப்பட்டது. கோதண்டராமன் பாயில் உட்கார்ந்து ஊரின் குரலைக் கேட்டார். ஊர் ஒன்றும் பேசவில்லை.

அவர் ஊரைத் தேடிப் போனார். மூலைக்கடை முனிராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நம்ம கோமளா மிஸ் தம்ம அல்வா ஸார் நீவு?" என்று கன்னடத்தில் விசாரித்தார். மிஸ்ஸின் தம்பிதான் என்று கோதண்டராமன் ஒப்புக்கொண்டார். "மிஸ் எங்க, காணமே?" என்றார் முனிராஜ் தமிழில். இஸ்திரிக்காரரும் அதையே கேட்டார். பால்காரரும் அதையே கேட்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு கோதண்டராமன் சாமான்களை ஆப்பில் வரவழைத்துக்கொண்டார்.

"இந்த ஊர் மாறிடுச்சு ஸார். முன்ன மாதிரி மனுஷங்க இல்ல" என்றார் என்னிடம். நான் களப் பொறுப்பாளர் என்ற முறையில் ஆமோதித்தேன்.

ஏப்ரல் வந்தது. வேர்களைத் தேடி வந்தவருக்கு வேர்த்தது. போர்வெல் வற்றியது. டேங்கர்காரர் போனை எடுக்கவில்லை, ஏனென்றால் அவர் மகன் மிஸ்ஸிடம் படித்தவன். குழாய் மட்டும், தண்ணீர் வந்த நாட்களில், விடாமல் சொட்டியது. அந்தச் சமயம் பார்த்து டல்லாஸ் நிறுவனம் பழைய நாற்காலியைத் திரும்பத் தருவதாகக் கடிதம் அனுப்பியது. 'கடமை அழைக்கிறது' என்று கண்ணீருடன் அறிவித்தார். நூற்றுப் பதினான்காம் நாள், ஏ.சி. வண்டியில் விமான நிலையம் போனார்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வீடு, மேலும் கீழுமாக, உயர்ரக நாய்களுக்கான அழகு நிலையத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டுள்ளது. மௌன அறையில் குளியல், மாடியில் தங்கும் விடுதி. 'தங்களது ஓய்வு வாழ்க்கை பரந்த வெளிக்கு விரிவடைவதை முன்னிட்டு' என்று என் வாசகத்தையே எடுத்தாண்டிருந்தார். எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் இல்லை.

வீடு தேடி ஈஜிபுரா போனேன். கோமளம் புது ஹாலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். முடியும்வரை படிக்கட்டில் காத்திருந்தேன். ஆஞ்சலா, தன் பெண் கணக்கில் தொண்ணூற்றிரண்டு என்று சொல்லி எனக்கும் ஒரு மைசூர்பாகு கொடுத்தாள்.

பிள்ளைகள் போன பிறகு கேட்டேன். "என் மேல கோவமா மிஸ்?"

"அவன் தம்பி, உரிமையா கேட்டான். நீங்க எதுக்கு ஸார் கொண்டுவந்து குடுத்தீங்க?"

அலுவலக வழக்கப்படி விஷயத்தை மாற்றி, வாடகைக்கு வீடு தேடி வந்திருப்பதைச் சொன்னேன். கோமளம் தெருக்கோடியில் ஒரு ஒற்றை அறை இருப்பதாகச் சொல்லி, வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தார். இப்போது அங்கேதான் இருக்கிறேன்.

நேற்று கோதண்டராமனின் உரை இணையத்தில் வெளியானது. தலைப்பு: 'நடுவயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது எப்படி'. அவரைவிட இதைப் பேசத் தகுதியானவர் உலகில் யாரும் இல்லை என்று அடித்துச் சொல்வேன். அவருடைய ஒரே முயற்சியில் இரண்டு பேர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். கோமளம் ஐம்பத்திரண்டு வயதில், நான் அறுபத்தொன்றில்.