கை கழுவினால் பாதி நோய்

ஆழ்வார்திருநகரியில் இருக்கும் மைத்துனர் லிங்கராஜுக்கு, உம்முடைய அக்காள் முத்துக்கனியின் புருஷன் தாணுலிங்கம் தூத்துக்குடி மில்லர்புரத்திலிருந்து தன் சொந்தக் கையால் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதலாம்தான். ஆனால் என் நலத்தை இப்போது நான் சொல்லக்கூடாதாம். மருமகள் உமாராணி வாங்கி வைத்திருக்கும் சுகர் மிஷின்தான் சொல்ல வேண்டுமாம். உங்கள் நலத்துக்குச் செந்திலாண்டவன் பொறுப்பு.

போனில் நீர் கேட்டீர்: "அத்தான், சுகர் மாத்திரைய நிறுத்திட்டு, ஒங்க கடைக் கருப்பட்டியிலேயே காப்பி போட்டுக் குடிச்சுக்கிடட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்." உமாராணி பக்கத்தில் நின்றதால் இருமி வைத்தேன். சண்முகப்ரியா டீச்சரின் சாயங்கால வகுப்பில் எழுத்துப் படித்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரு வரி முடிவதற்குள் ஒரு காப்பி ஆறிவிடுகிறது. ஆனாலும் என்ன சுகம் மாப்பிளே! வாயால் சொன்னால் ஒட்டுக்கேட்பார்கள், எழுதினால் யாருக்குத் தெரியும்?

என் பதில்: மாத்திரையை நிறுத்தும். ஏனென்றால், போன வாரம் கடையில் கருப்பட்டி உடைத்துவிட்டு அப்படியே சாப்பிட வந்தவனை மறித்து உமாராணி விரலில் குத்தினாள், மிஷின் நானூற்றுச் சொச்சம் என்றது, அவள் "ஐயோ மாமா" என்று ஆட்டோ பிடிக்க ஓடினாள், உம்ம அக்காள்தான், "ஏளா, நில்லு. மொதல்ல இந்த மனுசன் கையப் பாரு, ஈ மொய்க்கி" என்றாள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி குத்தினால், பாதிதான்! ஆயுசு பூராவும் தராசு பிடித்தவன் நான். அழுக்குக் கைக்கு ஒரு எடை, சுத்தக் கைக்கு ஒரு எடை காட்டும் தராசை எவன் நம்புவான்? கை கழுவினாலே பாதி நோய் போகிறதென்றால், குளித்தால் மீதியும் போக வேண்டாமா? அதையும் பார்த்துவிடுவோம் என்று திருச்செந்தூர் போய்க் கடலில் முங்கி, நாழிக்கிணற்றிலும் குளித்துவிட்டு வந்து கையை நீட்டினேன். கூடியிருந்தது! வழியில் குடித்த காப்பியாலாம். "மாமா, கருப்பட்டியும் சீனிதான்" என்கிறாள் உமாராணி. இந்த மிஷின்காரனுக்கும் சீனி மில்லுக்காரனுக்கும் உள்ளுக்குள் ஏதோ தொடர்பு இருக்கிறது.

சந்தேகம் தீர, கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது' என்று பெயிண்டிலேயே இருக்கிறது. எழுதச் சொன்னது நான்தான் என்றாலும், எழுதியவர் படித்தவர்.

என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சி. பழைய பெட்டியிலிருந்த ஆணி குதிகாலில் ஏறி, செருப்பெல்லாம் ரத்தமானதை உம்ம அக்காள் பார்த்துக் கத்திய பிறகுதான் எனக்கே தெரியும். துளி வலி இல்லை. எழுபது தாண்டியும் இப்படி ஒரு பாதம்! அந்தப் புண் இன்னும் ஆறவில்லை என்று நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரணுமாம். வலிக்காததற்கு எவனாவது வைத்தியம் பார்ப்பானா?

உமக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுசும் குறையாத வியாபாரமும் அமைய ஆசீர்வதிக்கிறேன். இதைத் தனியே வாசித்துவிட்டு அடுப்பில் போடும்.

இப்படிக்கு,
மாத்திரை போடாத அத்தான்,
தாணுலிங்கம்

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்திருப்பேன்; எழுதிய பாடு விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் ஜெனிலா என்னைப் படுக்க வைத்தாள். "தாத்தா, கண்ண மூடுங்க. தூண்டில் நைலான் நரம்பு மாதிரி ஒண்ணால ஒங்க பாதத்துல தொடுவேன். தொடுறப்பல்லாம் 'ம்' சொல்லுங்க" என்றாள். காத்துக் கிடந்தேன். "எப்பம்மா ஆரம்பிப்ப? கடை தொறக்கணும்" என்றேன்.

"முடிச்சிட்டேன் தாத்தா" என்றாள்.

ஏமாற்றுகிறாள் என்று கண்ணைத் திறந்தேன். என்னைக் கேலி செய்யச் சந்தர்ப்பம் தேடும் உம்ம அக்காள்கூடச் சிரிக்காமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வலிக்காததுதான் வியாதியாம் மாப்பிளே. மாத்திரையை ஒரு வேளையும் விடாதீர். இப்போதே கண்ணை மூடிக்கொண்டு, உம்ம வீட்டுக்காரியைப் பாதத்தில் தொடச் சொல்லும். தொட்டது தெரிந்தால் எனக்கு எழுதும். தெரியாவிட்டால் எழுத உட்கார வேண்டாம்; பஸ் ஏறி வாரும்.