மாமனாரின் கோழிகளும் என் ஐம்பது மெகாபிக்சலும்

விலை உயர்ந்த போன் வாங்கியவன் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பான். விலை குறைந்த போன் வாங்கியவன் சட்டைப்பையை விட்டே எடுக்க மாட்டான். இரண்டுக்கும் நடுவில் வாங்குகிறவன் இருக்கிறானே, அவன்தான் ஊரைக் கூட்டி விளக்கம் சொல்வான். நான் நடுவில் வாங்கியவன்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் யூடியூபே கதியென்று கிடந்தேன். வாங்கிய பின், சேலத்தில் என் அலுவலகத்துக்கு எதிரே டீ குடிக்க வருகிறவர்களையெல்லாம் பிடித்து வைத்து நிறைகுறை பேசினேன். பேட்டரி இறங்கவே இறங்காது! இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், கல்யாண மண்டபத்துக்கே போதும்! தண்ணீர் தெறித்தாலும் ஒன்றும் ஆகாது! குறை என்றால், வேண்டாத ஆப்கள் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், வெயிலில் கொஞ்சம் சுடும் (நம் ஊர் வெயிலில் நாமே சுடுகிறோம், போனை மட்டும் குறை சொல்வானேன்?). கேமராவைப் பற்றி மட்டும் யாரையும் குறை சொல்ல விடமாட்டேன். ஐம்பது மெகாபிக்சல்! அதில் ஏ.ஐ. வேறு! எதிரே இருப்பது இன்னதென்று தானே கண்டுபிடித்து, தானே அழகாக்கிவிடும். அதை நான் நிறைகளிலேயே பெரிய நிறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கோடையில் மாமனாரும் மாமியாரும் காசிக்குக் கிளம்பினார்கள். நாமக்கல் பக்கம் அவர்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. “அவரு லீவு போட்டுப் பாத்துக்குவாருங்கப்பா” என்று என் மனைவி கவிதா சொன்னதும் மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் மேட்டூர்க்காரன். கெண்டை எது, கெளுத்தி எது என்று கேட்டால் சொல்வேன். கோழி எனக்குக் குழம்பில்தான் பழக்கம். ஆனாலும் இந்த மனிதரிடம் எப்படியாவது நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு அப்படியொரு துடிப்பு.

“பெருசா ஒன்னுமில்லீங்க மாப்ளே,” என்றார். “தெனமும் காத்தால கொண்டையப் பாருங்க. செவப்பா இருந்தா கோழி சொகமா இருக்குதுன்னு அர்த்தம். வெளுத்துச்சுன்னா ஒடனே எனக்குக் கூப்புடுங்க.”

“எதுக்குங்க மாமா கூப்பிட்டுக்கிட்டு? தெனமும் போட்டோவே அனுப்பீர்றனுங்க!”

முதல் நாள் காலை கூண்டுக்கு எதிரே போனை நீட்டினேன். திரையின் மூலையில் சின்னதாக ஒரு பூப் படம் தோன்றியது. வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த கொண்டைகளைப் பார்த்து, இது செம்பருத்தித் தோட்டம் என்று கேமரா முடிவு செய்திருந்தது. எனக்கோ தலைகால் புரியவில்லை. என்ன அறிவு, என்ன அறிவு! சொடுக்கினேன். ஒவ்வொரு கொண்டையும் பற்றி எரிவதுபோல் சிவந்திருந்தது.

காசிக்குப் போகும் வழியிலிருந்து மாமனாரின் குரல் செய்தி வந்தது. “அடேங்கப்பா, நம்ம கோழிங்களா மாப்ளே இது! பஸ்ஸுல இருக்கற அத்தன பேருக்குங் காட்டீட்டேன்!” அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் போட்டோ, தினமும் பாராட்டு. உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் நான் கோழியை நேராகப் பார்க்கவே இல்லை. திரையில்தான் பார்த்தேன்.

ஒருநாள் காலை கவிதா கொட்டகையிலிருந்து ஓடிவந்தாள். “ஏனுங்க, கொண்டையெல்லாம் வெளுத்துக் கெடக்குதுங்க! கோழி வாயத் தொறந்துட்டு நிக்குது!”

“எங்க வெளுத்திருக்குது? இதப் பாரு.” அன்று காலை எடுத்த போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினேன்.

“போட்டோவ எதுக்குங்க பாக்கறீங்க? கோழியப் பாருங்க!”

“நம்ம கண்ணு ஏமாத்தும் கவிதா. இது அம்பது மெகாபிக்சல்.” (இதற்குப் பிறகும் அவள் என்னோடுதான் குடித்தனம் நடத்துகிறாள்.)

“அப்பாவுக்கு வீடியோ கால் போடுங்க. அவரே பாக்கட்டும்,” என்றாள். போட்டேன், பெருமையாகவே போட்டேன். வீடியோ காலில் அந்தக் கேமரா எதையும் அழகாக்காது என்பது யூடியூபில் யாரும் சொல்லாத விஷயம்.

நெற்றி நிறைய விபூதியோடு கங்கைக் கரையில் நின்ற மாமனார் திரையை உற்றுப் பார்த்தார். “மாப்ளே, நீங்க ஆரு பண்ணையில நிக்கறீங்க?”

“நம்ம பண்ணதானுங்க மாமா.”

“வெளையாடாதீங்க. எங்கோழி செக்கச்செவேல்னு இருக்குதுங்க. காத்தாலகூட அனுப்புனீங்களே! இது ஆரோ சீக்குக் கோழி வெச்சிருக்கறவங்க பண்ண. அங்க எதுக்குப் போனீங்க? மொதல்ல நம்ம ஊட்டுக்குப் போங்க!”

கவிதா இடையில் தலையை நீட்டினாள். “அப்பா, நம்ம பண்ணதானுங்க.”

மாமனார் போனை முகத்துக்கு இன்னும் அருகில் கொண்டுபோனார். பிறகு தொடங்கியது பாருங்கள் வசவு! அன்றுதான் அந்தப் போனின் நிறைகள் எல்லாம் ஒன்றுகூடி எனக்கு எதிராக நின்றன. இரண்டு ஸ்பீக்கரும் முழங்க, தீவனம் போட்டுக்கொண்டிருந்த பண்ணை ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேட்டரி தீரக்கூடாதா என்று பார்த்தேன், பாதிக்குமேல் இருந்தது. மற்ற நேரத்தில் கொட்டகைக்குள் கிடைக்காத சிக்னல்கூட அன்று கம்பீரமாக நின்றது.

“தண்ணி டேங்குகிட்ட ஓடுங்க! பில்டரக் கழட்டுங்க!”

ஓடினேன், கழற்றினேன். உள்ளே பாசி அடைத்துக் கிடந்தது. இந்த வெயிலில் அத்தனை கோழிகளும் சொட்டுத் தண்ணீருக்கு அலகை நீட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. குழாயை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் தண்ணீர் பீறிட்டு என் முகத்திலும் சட்டையிலும் போனிலும் அடித்தது. போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமனார் ஒரு சொல்கூட விடாமல் திட்டி முடித்தார்.

பில்டரைக் கழுவி மாட்டியதும் கொட்டகையின் ஒரு கோடியில் டிக் டிக் என்று சத்தம் கேட்டது. கோழிகள் தண்ணீர்க் குழாயின் முனைகளைக் கொத்திக் குடிக்கிற சத்தம். அது வரிசை வரிசையாகப் பரவி, கொட்டகை முழுவதும் மழை பெய்வதுபோல் ஆனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கோழிகூடச் சாகவில்லை. முட்டை மட்டும் கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டு குறைவாக வந்தது.

காசியிலிருந்து வந்த மாமனார் நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டு, அதன் பிறகுதான் என்னிடம் வந்தார். “அந்த அழகு பண்றத அமத்திப்போடுங்க மாப்ளே,” என்றார். தேடிப் பார்த்தேன். திரையில் ஒரு தட்டுத் தட்டியதும் அணைந்துவிட்டது.

போன வருடம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். எல்லாரும் இதயமாக அனுப்பித் தள்ளினார்கள். பண்ணையை நம்பி விட்டுவர ஆள் இல்லாமல் நாமக்கல்லிலேயே இருந்த மாமனாரிடமிருந்து மட்டும் குரல் செய்தி வந்தது.

“ரொம்பச் சந்தோசமுங்க மாப்ளே. கொழந்த நல்ல செவப்பு. சித்தெ வீடியோ காலுல காட்டுங்க.”